வளைவுக்குள் யார்? பரங்கிமலைச் சிலுவையும் நமது குறியீட்டுப் பட்டியலும்

ஆசிரியர்களின் புலனக் குழுக்களில் ஒரு பட்டியல் சுற்றிக்கொண்டே இருக்கும். பார்த்திருப்பீர்கள். இடப்பக்கம் படம், வலப்பக்கம் பொருள். புறா என்றால் அமைதி. தாமரை என்றால் தூய்மை. சிலுவை என்றால் தியாகம். விளக்கு என்றால் அறிவு. நன்னெறிக் கல்விக்கும் ஆகும், கவிதையில் குறியீடு நடத்தவும் ஆகும், ஓவிய வகுப்பில் படம் விளக்கவும் ஆகும் என்று ஒரே தாளை மூன்று பாடத்துக்கும் ஓட்டுகிறோம். மாணவர்களும் சளைக்காமல் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். புள்ளியும் கிடைத்துவிடுகிறது.

இந்தப் பட்டியலை ஓர் உண்மையான சிற்பத்தின் முன்னால் கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கலாம் என்பதுதான் இக்கட்டுரையின் எண்ணம். எடுத்துக்கொள்வது சென்னைப் பரங்கிமலை உச்சியிலுள்ள கருங்கல் சிலுவை. தமிழ் மண்ணில் கிடைத்த கிறிஸ்துவச் செதுக்கல்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. புறா அதில் இருக்கிறது. தாமரை இருக்கிறது, அல்லது தாமரை போல ஒன்று இருக்கிறது. சிலுவை இருக்கிறது. பட்டியலின்படி படித்தால் ‘அமைதி, தூய்மை, தியாகம்’ என்று மூன்று சொல்லில் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கல் இந்த மூன்றில் ஒன்றையும் சொல்லவில்லை.

முதலில் புறாவை மட்டும் தனியே எடுப்போம், அதுதான் எளிது. நம் மாணவர்களுக்குத் தெரிந்த புறா பிகாசோவின் புறா. 1949இல் பாரிசில் நடந்த உலக அமைதி மாநாட்டின் சுவரொட்டிக்கு அவருடைய கல்லச்சுப் படம் ஒன்று பயன்பட்டது. அதே ஆண்டு பிறந்த மகளுக்கும் ஸ்பானிய மொழியில் புறா என்று பொருள்படும் ‘பலோமா’ என்ற பெயரையே வைத்தார் மனிதர். அந்தப் படத்துக்குப் பின்னால் விவிலியத்தின் பழைய புறா ஒன்று உண்டு. வெள்ளம் வடிந்ததற்கு அடையாளமாக நோவாவிடம் ஒலிவ இலையைக் கொண்டுவந்த புறா அது. மூன்றாவது புறா வேறு. இயேசு யோர்தான் ஆற்றில் திருமுழுக்குப் பெற்றபோது தூய ஆவி புறா வடிவில் இறங்கியதாக நான்கு நற்செய்தி நூல்களும் சொல்கின்றன. கிறிஸ்துவச் செதுக்கல்களில் மிகுதியாகப் பார்ப்பது இந்த மூன்றாவது புறாவைத்தான்.

மூன்றையும் எப்படிப் பிரித்தறிவது? பறவை ஒரே பறவைதான். அலகில் என்ன இருக்கிறது, எந்தத் திசையில் பறக்கிறது, எதன்மேல் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். இலை வைத்திருந்தால் நோவா. தலை கீழாக, சிறகு விரித்து, நேர்க்கோட்டில் இறங்கினால் தூய ஆவி. பரங்கிமலைப் புறா தலைகீழாகத்தான் இறங்குகிறது. அதன் அலகு சிலுவையின் உச்சியைத் தொடும் இடத்தில் இருக்கிறது. இங்கே பறவையைவிடப் பறக்கும் திசையே முக்கியம். நம் பட்டியலில் திசைக்கு ஒரு கட்டம் இல்லை.

இப்போது கல்லுக்கு வருவோம். மலை என்று பெயரே தவிர ஏறக்குறைய 300 அடிக் குன்றுதான். அதன் உச்சியில் போர்த்துக்கீசியர் கட்டிய மாதா கோயில் இருக்கிறது. 1547இல் அங்கே அடித்தளம் தோண்டும்போது இந்தக் கல் கிடைத்தது. இன்று அது பீடத்தின் பின்சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. புனித தோமையாரே தம் கையால் செதுக்கியது என்பது மக்களின் நம்பிக்கை. சுற்றிலும் ஓடும் எழுத்தின் வடிவை வைத்து 7 முதல் 9ஆம் நூற்றாண்டுக்குள் என்று ஆய்வாளர்கள் பொதுவாகக் கணிக்கிறார்கள். கோட்டயம் வலிய பள்ளியில் இதே வகைச் சிலுவைகள் இரண்டு உண்டு. பாரசீகத்தோடு கடல் வாணிகமும் சமயத் தொடர்பும் கொண்டிருந்த சமூகத்தின் அடையாளங்கள் இவை.

கல்லில் என்னென்ன இருக்கின்றன என்று கீழிருந்து மேலாகச் சொல்கிறேன். அடியில் படிகள். படிகளின் மேல் சிலுவை. சிலுவையின் அடியிலிருந்து இருபுறமும் சுருண்டு எழும் இதழ்கள். சிலுவையின் கைகள் மொட்டு விரிவதுபோல் முனையில் அகன்றிருக்கின்றன. உச்சியில் அந்தப் புறா. இதையெல்லாம் இரண்டு தூண்கள் அணைத்து நிற்கின்றன. தூண்களின் தலையில் விலங்கு முகங்கள், அவற்றின் வாயிலிருந்து புறப்பட்டு மேலே வளைந்து சேரும் ஒரு வளைவு. வளைவின் வெளிப்புறமாக எழுத்துகள். சிலுவையில் இயேசுவின் உடல் இல்லை.

எழுத்துகளைப் பற்றிய கதை ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது, ஏனென்றால் நம்முடைய பட்டியல் பழக்கம் எவ்வளவு பழையது என்று அது காட்டுகிறது. கல் கிடைத்த 16ஆம் நூற்றாண்டில் அதை யாராலும் படிக்க முடியவில்லை. போர்த்துக்கீசியர் கற்றறிந்த பிராமணர் ஒருவரை அழைத்துக் காட்டினார்கள். அவர் ஒவ்வோர் எழுத்தும் பல சொற்களை உள்ளடக்கியது என்று சொல்லி, தோமையாரின் வரலாற்றையும் கிறிஸ்துவ நம்பிக்கையையும் விரிவாக ‘வாசித்து’க் கொடுத்தார். கேட்டவர்கள் எதிர்பார்த்தது அப்படியே கிடைத்தது! பிறகு 19ஆம் நூற்றாண்டில், சென்னை மாகாணத்தில் நீதிபதியாகப் பணியாற்றிய ஏ. சி. பர்னல், 1873இல் இது பாரசீகத்தின் பகலவி எழுத்து என்று எழுதினார். வளைவு முழுவதும் ஓடினாலும் அது ஒரு சிறிய வாசகம்தான். அதன் சரியான பொருள் என்ன என்பதில் அறிஞர்களிடையே இன்றும் ஒரே கருத்து இல்லை. தோமையார் கதை மட்டும் அதில் இல்லை.

அந்தப் பிராமணரைக் குறை சொல்லிப் பயனில்லை. ‘இது என்ன சொல்கிறது?’ என்று ஒருவர் எதிரில் நின்று கேட்கும்போது எதையாவது சொல்லத் தோன்றும். வகுப்பில் நாமும் அதைத்தானே செய்கிறோம்? இப்படத்திலுள்ள தாமரை எதைக் குறிக்கிறது, மாணவர்களே? தூய்மை, சார். அடுத்து.

சரி, தாமரை. இங்கேதான் சண்டை வருகிறது. ‘நம்ம தாமரையை எடுத்து அவங்க சிலுவைக்கு அடியில வச்சுக்கிட்டாங்க’ என்று ஒரு குரல் கேட்கிறது. ‘நம்ம கோயில்ல எதுக்கு இந்துக்களோட பூவும் குத்துவிளக்கும்?’ என்று கிறிஸ்துவர்களிடையே இன்னொரு குரல். இரண்டும் எதிரெதிர்க் குரல்கள் போலத் தோன்றினாலும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே. தாமரைக்கு ஒரு பொருள், ஒரு சொந்தக்காரர் என்று இருவருமே நம்புகிறார்கள்.

கல்லைப் பார்த்தால் அது அவ்வளவு எளிதாக இல்லை. சிலுவையின் அடியிலிருந்து இருபுறமும் இலை எழும்பும் வடிவம் கீழைக் கிறிஸ்துவ மரபில் பரவலாக உண்டு. ஆர்மீனியாவின் கற்சிலுவைகளில் அது கொடியும் இலையுமாகப் படர்ந்து கிடக்கும். சிலுவையை வாழ்வின் மரமாகக் காட்டும் முறை அது. பட்ட மரத்தில் தளிர் விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை அனுராதபுரத்தில் 1912இல் கிடைத்த சிலுவையிலும் இந்த இலைகள் இருக்கின்றன. அங்கே புறாவும் இல்லை, வளைவும் இல்லை. கருங்கல் தூணின் வழவழப்பான பக்கத்தில் உள்நோக்கிக் குடைந்த எளிய உருவம். ஆக, பாரசீகத்திலிருந்து வந்தவர் கண்ணுக்கு அது இலை, உள்ளூர்க்காரர் கண்ணுக்குத் தாமரை இதழ். உளி பிடித்தவர் எதை நினைத்தார் என்று நமக்குத் தெரிய வழியில்லை. இரண்டு பேரும் தங்களுடையது என்று காணும்படி அந்த உருவம் அமைந்துவிட்டது என்பது மட்டும் கண்கூடு. இதைக் களவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சமரசம் என்ற சொல்லும் கொஞ்சம் பெரிய சொல்லாகப் படுகிறது.

இதழைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வளைவு. அதைப் பற்றி இந்தச் சண்டையில் யாருமே பேசுவதில்லை.

தூணின் தலையில் விலங்கு, அதன் வாயிலிருந்து வளைவு. இது மகர தோரணம். கோயிலுக்குப் போகும் எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் தெரிந்த வடிவம். கருவறைச் சுவரின் கோட்டங்களில் தெய்வ உருவங்களுக்கு மேலே இருக்கும். உற்சவரைச் சுற்றி நிற்கும் திருவாசியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். மகரத்துக்கு முதலை வாய், யானைத் துதிக்கை, மீன் உடல் என்று எல்லாம் கலந்திருக்கும். சைவ, வைணவக் கோயில்களில் மட்டும் என்று நினைக்க வேண்டாம். சிங்களப் புத்த விகாரைகளிலும் மகர தோரணம் வழக்கம். பிரிக்பீல்ட்சில் 1894இல் பௌத்த மகா விகாரத்தை ஏற்படுத்தியவர்கள் சிங்களவர்கள். அங்கிருந்து சற்றுத் தொலைவில் யாழ்ப்பாணத் தமிழர்களின் கந்தசாமி கோயில். அதே வட்டாரத்தில் செபமாலை மாதா ஆலயம், 1924இல் எழுந்த சீயோன் லுத்தரன் ஆலயம். ஒரு சனிக்கிழமை காலையில் நடந்தே பார்த்துவிடலாம், வெயிலுக்கு முன்னால் போனால்.

மகர தோரணம் என்ன வேலை செய்கிறது? உள்ளே தெய்வம் இருக்கிறது என்று கண்ணுக்கு அறிவிக்கிறது. மேடையில் திரை தூக்குவதற்கு முன் அடிக்கும் மணி மாதிரி. வளைவைக் கண்டதும் நம் கண் தானாக அதன் நடுவுக்குப் போய் ஒரு முகத்தைத் தேடும். கருணை பொழியும் கண், அபயம் காட்டும் கை, இடையில் ஆடை, காலடியில் வாகனம் என்று தேடும்.

பரங்கிமலைக் கல்லில் வளைவு அந்த அறிவிப்பை முழுதாகச் செய்கிறது. கண் நடுவுக்குப் போகிறது. அங்கே முகம் இல்லை. கை இல்லை. உடலே இல்லை. ஒரு குறுக்குக்கோடும் ஒரு நெடுக்குக்கோடும்.

இந்த இடம்தான் இச்சிற்பத்தின் உயிர் என்று நான் வாசிக்கிறேன். உருவம் இல்லாத சிலுவையைத் தனியே ஒரு பலகையில் செதுக்கியிருந்தால் அது ஒரு சின்னம், அவ்வளவுதான். வளைவை மட்டும் செதுக்கி உள்ளே ஓர் உருவத்தை வைத்திருந்தால் வழக்கமான கோட்டச் சிற்பம். இரண்டையும் சேர்த்ததால், ‘தெய்வம் இங்கே’ என்று ஊர்மொழியில் உரக்கச் சொல்லிவிட்டு, ‘ஆனால் முகத்தை இங்கே தேடாதே’ என்று மெல்லச் சொல்கிறது கல். மேலேயிருந்து இறங்கும் புறாவும் அதற்குத்தான். உருவம் இல்லாத நடுவிடம் வெறும் இடம் ஆகிவிடாமல், அங்கே ஒன்று இறங்கிக்கொண்டிருக்கிறது என்று அது காட்டுகிறது. கீழிருந்து இலை எழுகிறது, மேலிருந்து பறவை இறங்குகிறது, இரண்டும் சந்திக்கும் கோட்டில் சிலுவை. இதை ‘தியாகம்’ என்ற ஒரு சொல்லில் அடக்கினால் அந்தச் சந்திப்பே காணாமல் போய்விடும்.

உடல் இல்லாத சிலுவை என்றதும் சிலர் ‘புரொட்டஸ்டன்ட் சிலுவை’ என்பார்கள். கத்தோலிக்க ஆலயத்தில் இயேசுவின் உடலோடு கூடிய பாடுபட்ட சுரூபம், மெதடிஸ்டு ஆலயத்தில் வெறுஞ்சிலுவை என்பது நம் ஊரில் பார்த்துப் பழகியது. ஆனால் பரங்கிமலைக் கல் அந்தப் பிரிவினைக்குப் பல நூற்றாண்டு மூத்தது. அது வேறொரு மரபின் குரல், கீழைச் சிரியத் திருச்சபையின் குரல்.

இப்போது இதற்கு நேர் எதிரான ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்து ஆல்பிரெக்ட் டியூரர் 1511இல் வெளியிட்ட திரித்துவம் என்ற மரச்செதுக்கு அச்சுப் படம். ஏறக்குறைய 39 செ.மீ. உயரம், 28 செ.மீ. அகலம். தந்தையாகிய கடவுள் தாடியோடு, மகுடத்தோடு, இறந்த மகனின் உடலைத் தாங்கிப் பிடித்திருக்கிறார். மேலே புறா. சுற்றிலும் வானதூதர்கள் சிலுவைப்பாடுகளின் கருவிகளை ஏந்தி நிற்கிறார்கள். அடியில் மேகம், காற்றை ஊதும் முகங்கள். கல் எதையெல்லாம் மறைத்ததோ அதையெல்லாம் இந்தத் தாள் காட்டிவிடுகிறது.

இந்தப் படத்தை ‘திரித்துவத்தின் விளக்கப்படம்’ என்று காட்டிவிட்டுப் போனால் அதற்கு நாம் செய்யும் அநியாயம். இறந்த மகனைத் தாங்கும் தந்தை என்ற காட்சியின் கனம் எந்தச் சமயத்துப் பிள்ளைக்கும் புரியும். தாயின் மடியில் கிடக்கும் மகனை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம், கிள்ளான் லூர்து மாதா ஆலயத்துக்கு வேண்டுதலுக்காகப் போய்வரும் இந்துக் குடும்பங்கள் உட்பட. ஆனால் தந்தையின் துக்கத்தைக் காட்டும் படங்கள் நம் கண்ணில் படுவது குறைவு. டியூரரின் கடவுளிடம் அந்தத் துக்கம் இருக்கிறது. என்னைக் கேட்டால், சுற்றியுள்ள கூட்டம்தான் அதிகம். அந்த இரண்டு உடல்களே போதும் என்று ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் தோன்றுகிறது.

மரச்செதுக்கு அச்சின் தொழில்முறையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், வகுப்பில் உடனே பயன்படும் செய்தி. பலகையில் எந்த இடம் கறுப்பாக அச்சாக வேண்டுமோ அதை விட்டுவிட்டு, மற்றதை உளியால் அகற்றிவிடுவார்கள். மேடாக மிஞ்சிய கோடுகளில் மை ஏறும். வெட்டி எடுத்த பள்ளம் தாளில் வெள்ளையாக வரும். செப்புத் தகட்டில் கீறும் அச்சில் முறை தலைகீழ். அங்கே கீறிய பள்ளத்துக்குள் மை இறங்கும், கீறாத இடம் வெள்ளை. அப்படியானால் டியூரரின் திரித்துவத்தில் கடவுளைச் சுற்றிப் பொங்கும் ஒளி எது? மரத்தை வெட்டி எறிந்துவிட்ட இடம்! ஒன்றும் இல்லாத இடம்தான் அங்கே ஒளி. எல்லாவற்றையும் உருவமாக்கிக் காட்டிய டியூரருக்கும் ஒளியைக் காட்ட வெற்றிடம் தேவைப்பட்டது. பரங்கிமலைச் சிற்பி நடுவில் செய்ததை இவர் ஓரங்களில் செய்கிறார்.

உருளைக்கிழங்கு, வெண்டைக்காய் வெட்டி அச்சு வைக்கும் நம் கீழ்நிலை மாணவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ‘டீச்சர், வெட்டின இடம் வரவே இல்ல’ என்று அழும் பிள்ளையிடம் சொல்லுங்கள், அந்த வராத இடத்தைத்தான் பெரிய ஓவியர்கள் ஒளியாக வைத்துக்கொண்டார்கள் என்று.

மகுடம் பற்றி ஒரு செய்தி. தந்தைக் கடவுளுக்குத் திருத்தந்தையின் மூவடுக்கு முடியை அணிவிப்பது அக்கால ஐரோப்பியக் கலையில் சாதாரண வழக்கம். மண்ணில் உள்ள மிக உயர்ந்த முடி எதுவோ அது விண்ணரசருக்கு. டியூரரின் படம் வந்து ஆறு ஆண்டுகளில், 1517இல், மார்ட்டின் லூதர் தம் எதிர்ப்பைத் தொடங்குகிறார். 1522 செப்டம்பரில் அவருடைய ஜெர்மன் புதிய ஏற்பாடு அச்சாகிறது. அதில் திருவெளிப்பாட்டு நூலுக்கு லூக்காஸ் கிரனாக்கின் பட்டறை செய்த மரச்செதுக்குப் படங்கள். பாபிலோனின் விலைமகள் தலையில் அதே மூவடுக்கு முடி! பெரிய எதிர்ப்பு எழுந்தது. அவ்வாண்டு டிசம்பரில் மறுபதிப்பு வந்தபோது மேலடுக்குகள் பலகையிலிருந்து வெட்டி நீக்கப்பட்டுச் சாதாரண முடியாகிவிட்டன. உளி ஒரு கருத்தைச் செதுக்கவும் செய்யும், செதுக்கிய கருத்தைத் திரும்பப் பெறவும் செய்யும். நம் பட்டியலில் ‘மகுடம் என்றால் அதிகாரம்’ என்று இருக்கும். இருக்கட்டும். அது வணங்கத்தக்க அதிகாரமா, பழிக்கத்தக்க அதிகாரமா? ஒரே நாட்டில், ஒரே கலை வடிவில், ஒரே தலைமுறைக்குள் பதில் தலைகீழாகிவிட்டதே.

ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக் தொழிலால் செதுக்குநர். 1794இல் அவர் அச்சிட்ட ‘நாட்களின் முதியோன்’ படம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெண்தாடி காற்றில் பறக்க, சூரிய வட்டத்திலிருந்து குனிந்து, இருட்டின்மேல் கவராயத்தை விரித்து அளக்கும் முதியவர். கடவுள் கவராயத்தால் உலகை அளந்து படைப்பதாக வரைவது 13ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு விவிலியச் சுவடிகளிலேயே உண்டு. அங்கே அது புகழ்ச்சி. பிளேக்கின் கவராயக்காரரோ அவருடைய சொந்தப் புராணத்தின் யூரிசன், கட்டற்றதை எல்லாம் அளவுக்குள்ளும் சட்டத்துக்குள்ளும் அடைப்பவர். பிளேக்குக்கு அவர்மேல் பெரிய மரியாதை கிடையாது. இணையத்தில் இந்தப் படத்துக்குக் கீழே ‘படைப்பாளியின் ஞானம்’ என்று எழுதிப் பரப்புகிறார்கள். கவராயத்தைப் பார்த்தார்கள், குனிந்திருக்கும் அந்த முதுகைப் பார்க்கவில்லை.

நாம் தமிழாசிரியர்கள். படத்தில் நடப்பது சொல்லிலும் நடந்திருக்கிறது என்பதை நம்மால்தான் எடுத்துச் சொல்ல முடியும். 1578இல் கொல்லத்தில் அண்டிரிக் பாதிரியார் அச்சிட்ட 16 பக்க நூலின் பெயர் ‘தம்பிரான் வணக்கம்’. தம்பிரான் என்றால் இன்று நமக்குச் சைவ மடத்துத் துறவி நினைவுக்கு வருவார். கிறிஸ்துவக் கடவுளைக் குறிக்க அன்று அந்தச் சொல் கைக்குக் கிடைத்தது. பிறகு சர்வேசுரன் வந்தார். ஃபப்ரீசியஸ் பராபரன் என்றார். 19ஆம் நூற்றாண்டு மொழிபெயர்ப்பில் தேவன் ஆனார். இன்று கத்தோலிக்கர் கடவுள் என்கிறார்கள். ஒவ்வொரு சொல்லும் ஏற்கெனவே வேறு வீட்டில் குடியிருந்த சொல்தான். மகர தோரணத்தைப் போல.

எழுத்தையே தெய்வத்தின் உருவாகச் செதுக்கும் வழக்கமும் உண்டு. கிரேக்க நெடுங்கணக்கின் முதலும் கடைசியுமான ஆல்பா, ஓமேகா எழுத்துகளைப் பீடங்களிலும் பாஸ்கா மெழுகுத்திரியிலும் காணலாம். பழைய தமிழ் விவிலியம் அப்பெயர்களை அப்படியே ஒலிபெயர்த்தது. புதிய மொழிபெயர்ப்பு அகரம், னகரம் என்று தமிழாக்கிவிட்டது. முப்பது முதலெழுத்துகளில் கடைசி ‘ன்’ என்பது நம் மாணவர்களுக்கு இலக்கணப் பாடமாகத் தெரியும். குறளின் முதல் அடியும் அகரத்தில்தான் தொடங்குகிறது என்பதும் தெரியும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் எந்த மதத்துப் பிள்ளையும் நிமிர்ந்து உட்காரும். இன்னொன்று, ஆலயக் கதவிலும் கல்லறையிலும் ஐ, எச், எஸ் என்ற மூன்று எழுத்துகளைப் பார்த்து அதற்கு ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் சொல்லுவார்கள், ‘நான் பாடுபட்டேன்’ என்று பொருள் வருகிற மாதிரி. உண்மையில் அது கிரேக்கத்தில் இயேசு என்ற பெயரின் முதல் மூன்று எழுத்து. பரங்கிமலைப் பிராமணர் இன்னும் நம்மிடையே உயிரோடுதான் இருக்கிறார்.

‘இதையெல்லாம் வகுப்புல காட்டினா, மதம் பரப்புறீங்களான்னு பெற்றோர் கேக்க மாட்டாங்களா?’ என்று ஒரு கேள்வி வரும். வர வேண்டிய கேள்விதான். இந்நாட்டில் அது சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வியும் இல்லை. ஆனால் அந்த அச்சத்தால் நாம் பிடித்துக்கொண்டிருக்கும் பட்டியல் பாதுகாப்பானது என்று நினைப்பதுதான் எனக்கு ஏற்பில்லை. ‘தாமரை இந்துச் சின்னம், சிலுவை கிறிஸ்துவச் சின்னம், பிறை இஸ்லாமியச் சின்னம்’ என்று கட்டம் கட்டிக் கொடுப்பது, இது உன்னுடையது, அது அவனுடையது என்று பத்து வயதிலேயே வேலி போட்டுக் கொடுப்பதாகும். அந்தப் பிள்ளை பரங்கிமலைச் சிலுவையைப் பார்த்தால் ‘திருட்டு’ என்றுதான் சொல்லும். நாம் கொடுத்த தாள் அதற்கு வேறு சொல்லைக் கொடுக்கவில்லை. நம்பச் சொல்வது ஒன்று, பார்க்கச் சொல்வது வேறொன்று. எது எதன்மேல் இருக்கிறது, எது எந்தத் திசையில் போகிறது, எந்த இடம் காலியாக விடப்பட்டிருக்கிறது என்று கேட்பதில் எந்த மதமும் பரவிவிடாது.

மேனிலை வகுப்புகளுக்கு ஒரு பயிற்சி. படிவம் ஒன்று, இரண்டு மாணவர்களும் செய்யலாம். பரங்கிமலைச் சிலுவையின் படத்தைப் பெரிதாக நகலெடுங்கள். பள்ளி நகல் இயந்திரத்தில் கல்லின் நிறம் கறுத்துப்போய் புறா மறைந்துவிடும், அதனால் கொஞ்சம் வெளிறலாக எடுக்கவும். பெயர், ஊர், மதம் எதையும் சொல்ல வேண்டாம். முதலில் சிலுவையும் புறாவும் இருக்கும் நடுப்பகுதியை ஒரு தாளால் மறைத்துவிட்டு, தூணையும் வளைவையும் மட்டும் காட்டுங்கள். ‘உள்ளே யார் இருப்பார்?’ என்று கேட்டு, ஒவ்வொருவரையும் அந்த வெற்றிடத்தில் வரையச் சொல்லுங்கள். முருகன் வருவார், அம்மன் வருவார், புத்தரும் வரலாம். எல்லாரும் வரைந்து முடித்த பிறகு தாளை எடுங்கள். உடனே விளக்கம் சொல்லாமல் கொஞ்ச நேரம் அவர்களே பேசட்டும்.

பிறகு வளைவை மறைத்துச் சிலுவையை மட்டும் காட்டுங்கள். இரண்டு படத்திலும் சிலுவை ஒன்றுதானா என்று கேளுங்கள்.